மாடு தொடாத செடி

சந்திரிகா வேலை செய்யும் கடல் உணவுக் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வாரம் முழுக்கப் பாசிர் பெனம்பாங்கில் நண்டும் இறாலும் கழுவிக் கழுவி விரல் நுனி சுருங்கிப்போன பெண்கள் அன்றைக்கு நன்றாகத் தூங்குவார்கள். சந்திரிகா தூங்கமாட்டாள். காலி எண்ணெய்க் கேன்களில் தண்ணீர் பிடித்து மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு, புக்கிட் பெலிம்பிங் வீட்டிலிருந்து புறப்பட்டு, அசாம் ஜாவாவுக்கு உள்ளே இருக்கும் பழைய தோட்டத்துக்குப் போவாள். அங்கே அவளுடைய மகன் பவனேஷ் இருக்கிறான். ஆறு வயதில் காய்ச்சலில் போன பிள்ளை. இருந்திருந்தால் இப்போது கல்யாண வயசு.

இடுகாடு செம்பனை மரங்களுக்கு நடுவே வாய்க்கால் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. தோட்டத்தில் ஆள் நிறைந்திருந்த காலத்தில் புதைத்தவர்களெல்லாம் அங்கேதான். கையில் கொஞ்சம் வசதி வந்த குடும்பங்கள் பிறகு கல்லறை கட்டி, பெயர் பொறித்து, தைல்ஸ்கூட ஒட்டிவிட்டன. பவனேஷுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவன் அப்பா சேது விடவில்லை. "பிள்ள மேல சிமெண்டக் கொட்டாதீங்க. பாரம் தாங்கமாட்டான்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டான். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன், டன் கணக்கில் பாரம் பார்த்தவன் சொன்ன பேச்சு அது. செத்த பிள்ளைக்குப் பாரமென்ன, லேசென்ன என்று தோட்டத்தில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கிறவர்களுக்கு என்ன, முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். சேது மண்மேட்டைச் சுற்றிக் கம்பி அடித்து, நடுவில் ஒரு செம்பருத்தியை நட்டான். அந்தச் செடிதான் அடையாளம்.

சந்திரிகாவுக்கே பிள்ளை இருக்கும் இடம் அந்தச் செடியை வைத்துத்தான் தெரியும். அடக்கம் செய்ய எடுத்த அன்று அவள் போகவில்லை. பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. லயத்து வீட்டு வாசலிலேயே நாலு பேர் பிடித்து நிறுத்திவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு சேது ஒருநாள் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "இங்கதான்" என்று காட்டினான். அதன் பிறகு தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள், மகள் லோகேஸ்வரி வளர்ந்து ரவாங்கில் வேலைக்குப் போனாள், செம்பனையைக்கூட வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்தாகிவிட்டது. செம்பருத்தி மட்டும் அங்கேயே நின்றது. சேது விடாமல் தண்ணீர் ஊற்றினான்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் சேதுவும் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். அவனை எரித்துச் சாம்பலை ஆற்று முகத்துவாரத்தில் கரைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், "செடியப் பாத்துக்க" என்றுதான் அவளிடம் சொன்னான். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செடியைப் பார்த்துக்கொள்வது என்ன பெரிய வேலை என்று நினைப்போம். அந்த வருசம்தான் தோட்டத்தில் மாடுகளை விட்டார்கள். புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை குறையும் என்று நிர்வாகத்துக்கு ஒரு கணக்கு. மாடுகள் அழகேசனுடையவை. இன்னும் லயத்திலேயே குடியிருக்கும் மிச்சசொச்சக் குடும்பங்களில் ஒன்று அவனுடையது. குலை வெட்டிக்கொண்டிருந்தவன், தோள்பட்டை போன பிறகு மாடு வளர்க்கிறான். காலையில் அவிழ்த்துவிட்டால் சாயங்காலம்தான் போய் ஓட்டி வருவான். அதுவரை மாடுகளுக்கு அந்தத் தோட்டம் முழுக்கச் சொந்த வீடு.

முதலில் கம்பியில் முதுகு சொறிந்து கம்பியைச் சாய்த்தன. பிறகு செம்பருத்தியைத் தண்டு வரைக்கும் தின்றன. சந்திரிகா மறுபடி செம்பருத்தி நட்டாள். அடுத்த திங்களுக்குள் அதுவும் போச்சு. ரோஜா வைத்தாள். முள்ளோடு மென்றுவிட்டன. கனகாம்பரம் வைத்தாள், இட்லிப்பூ வைத்தாள். மாட்டைப் போல நாக்கு ருசி கண்ட பிராணி வேறு கிடையாது. சுற்றிலும் ஏக்கர் கணக்கில் புல் இருக்க, அவள் தண்ணீர் சுமந்து வளர்த்த அந்தக் கையளவு பச்சைதான் அவற்றுக்கு வேண்டியிருந்தது. மாட்டுக்குத் தப்பியது வெயிலுக்குத் தப்பவில்லை. கடலோரத்துக் களிமண், நாலு வாரம் மழை பெய்யாவிட்டால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வாரத்துக்கு ஒருதரம் வரும் தண்ணீர் அந்த வெடிப்புக்குள் போய் எங்கே மறையுமோ.

அழகேசன் ஒருதரம் அவளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "மன்னிச்சுக்குங்க கா. மாட்டுக்கு எங்க தெரியும்?"

"அதுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியும்ல?" என்றாள் சந்திரிகா.

அவன் சாய்ந்த கம்பியை நிமிர்த்திக் கட்டிக்கொடுத்தான். மாடுகள் இன்னொரு முறை முதுகு சொறிந்தன.

மழைக்காலத்தில் மண்மேடு கரைந்து தரையோடு தரையானது. லாலாங் புல் ஆளுயரத்துக்கு எழும்பியது. ஒரு திங்கட்கிழமை அவள் தண்ணீர்க் கேனோடு நின்று, இதுவா அதுவா என்று திகைத்துப்போனாள். பிறகு விழுந்து கிடந்த கம்பியைப் புல்லுக்குள் துழாவிக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த பயம் சாதாரணப் பயமில்லை. பெற்ற பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாத தாயாகிவிடுவோமோ என்ற பயம் அது.

லோகேஸ்வரியிடம் போனில் சொன்னாள். லோகேஸ்வரி கெட்டிக்காரி, அம்மாவைப் போல மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறவள் அல்ல.

"மா, சிம்பிள் லா. தைல்ஸ் போட்டுடலாம். எனக்குத் தெரிஞ்ச கண்ட்ராக்டர் இருக்காரு. ரெண்டு நாள் வேலை."

"உங்கப்பா வேணாம்னாரு."

"அப்பா பாவம், அந்த நேரத்துல ஃபீல் பண்ணிச் சொன்னாரு. இப்ப எத்தன வருசம் ஆச்சு? உங்களுக்கும் முட்டி வலி. நாளைக்கு நீங்க போகமுடியலன்னா எனக்கு எப்படிமா இடம் தெரியும்? தம்பி எனக்கும்தானே தம்பி."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நியாயமான பேச்சுதான் ஆளை அதிகமாக வாட்டும். சந்திரிகா ஒரு தவணை கேட்டாள். "மாடு தொடாத செடி ஏதாச்சும் இருக்கும். ஒருதரம் பாக்கிறேன். நிக்கலன்னா உன் இஷ்டம்."

அசாம் ஜாவா சாலையோரத்தில் தனபாலன் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறான். சந்திரிகா போய் நின்று, மாடு தின்னக்கூடாது, தண்ணி இல்லாமல் வாரம் தாங்கணும், பூ பூக்கணும் என்றாள். எங்கே வைக்க என்று அவன் கேட்டான். சொன்னாள். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, மாடு வாய் வைக்காத செடின்னா ஒண்ணு முள்ளா இருக்கணும், ஒண்ணு நாத்தமா இருக்கணும், ஒண்ணு பாலு வடியணும், இல்லாட்டி விஷமா இருக்கணும். நல்ல செடிய மாடு விடாது."

சீனர்கள் வாசலில் வைக்கும் முள் செடியைக் காட்டினான். உடம்பெல்லாம் முள், உச்சியில் பொட்டுப் பொட்டாகச் சிவப்புப் பூ. எந்த வெயிலுக்கும் அசராது. சந்திரிகா அதை எட்ட நின்று பார்த்தாள். "பிள்ள மேல முள்ள வைக்கச் சொல்றியா?" என்றாள். உண்ணிச்செடியைக் காட்டினான், அது காடாக மண்டிவிடும் என்றாள். மலாய்க்காரர்கள் கல்லறையில் வைக்கும் கம்போஜா மரத்தைச் சொன்னான். பாலுள்ள மரம், அழகான பூ. அவள் யோசித்துவிட்டு, "மரமாப் போனா வேரு பெருசாப் போகுமே தம்பி" என்றாள். வேர் எங்கே போகும் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடைசியில் அரளி. மூலையில் சிவப்பாகப் பூத்து நின்றது. தின்றால் உயிரைக் குடிக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அதே பூவைத்தான் கோயில்களில் முருகனுக்கு மாலையாகப் போடுகிறோம். சாமி கழுத்துக்கு ஆகும் பூ பிள்ளைக்கு ஆகாதா என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"மாடு கிட்டயே வராது கா. கசப்பு. ஒரு இல வாயில பட்டாலும் துப்பிடும்" என்றான் தனபாலன்.

அவன் சொன்னது பலித்தது. அரளி பிடித்துக்கொண்டது. மாடுகள் மோந்து பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டு விலகின. வெயில் ஏற ஏற அது கொழுத்தது. தோட்டத்துச் சாலையில் திரும்பும்போதே சிவப்புத் தெரியும். சந்திரிகா தூரத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டுவாள். சேது போன பிறகு அவள் நிம்மதியாக மூச்சுவிட்டது அந்த மாதங்களில்தான். லோகேஸ்வரிக்குப் படம் எடுத்து அனுப்பினாள். லோகேஸ்வரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினாள். தைல்ஸ் பேச்சு நின்றது.

மாசி மாதத்தில் பவனேஷின் திதி வரும். அந்த வருசம் மாசியில் வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. வாய்க்காலில் சேறு மட்டும் மிச்சம். சந்திரிகா காலையிலேயே போய்ப் புல்லைச் செதுக்கி, தாறுமாறாக வளர்ந்திருந்த அரளியைக் கழித்து, கர்ப்பூரம் காட்டி, அவனுக்குப் பிடித்த உளுந்து வடையை வைத்துக் கும்பிட்டாள். கழித்த கிளைகள் ஒரு குவியல் சேர்ந்தன. அதை என்ன செய்வது? இடுகாட்டிலிருந்து ஒரு குச்சியைக்கூட வீட்டுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பது நம் சனங்களின் வழக்கம். துடைப்பம், பழைய மாலை, உடைந்த சட்டி எல்லாவற்றையும் அங்கேயே ஓரமாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அவளும் கிளைகளை வாய்க்கால் கரையில் போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் போனபோது அழகேசன் வாய்க்கால் கரையில் புதரை ஒரு கழியால் அடித்துக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னடா தம்பி?"

"செவலைப் பசு போயிருச்சு கா. இங்கதான் விழுந்து கெடந்துச்சு. வாயில நுரை. பாம்புதான். பெரிய பாம்பா இருக்கணும். தேடிக்கிட்டே இருக்கேன், கண்ணுல மாட்டமாட்டேங்குது." அவன் மறுபடி புதரை அடித்தான். "கன்னு இன்னும் பால் குடி மறக்கல. ராவெல்லாம் கத்துது."

சந்திரிகா கரையைப் பார்த்தாள். அவள் போட்ட குவியல் கலைந்து கிடந்தது. கிளைகள் இருந்தன. இலைகள் பாதிக்குமேல் இல்லை. மிச்சமிருந்தவை வைக்கோல் நிறத்தில் சருகாகக் காய்ந்திருந்தன. "பாத்து தம்பி, கையில கால்ல பட்டுறப் போகுது" என்று எதையோ சொல்லிவிட்டு, கொண்டுபோன தண்ணீரைக்கூட ஊற்றாமல் வண்டியைத் திருப்பினாள்.

நேரே தனபாலனிடம் போனாள். நடந்ததைச் சொல்லாமல், அரளிச் சருகை மாடு தின்னுமா என்று மட்டும் கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"பச்சையில கசப்புத் தெரியும் கா, விட்டுடும். காஞ்சுபோச்சுன்னா கசப்பு அவ்வளவாத் தெரியாது. இந்த வறட்சியில புல்லும் இல்லையா, தின்னாலும் தின்னும். விஷம் மட்டும் அப்படியேதான் இருக்கும்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "வெட்டிப் போட்டீங்களா?"

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

அந்த வாரம் முழுக்க நண்டு ஓட்டில் கையை வெட்டிக்கொண்டே இருந்தாள். யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கப் போவதில்லை. மிச்சக் குவியலை வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டால் கதை முடிந்தது. செடி நிற்கும், பிள்ளையின் இடம் நிற்கும். அழகேசன் இல்லாத பாம்பைத் தேடித் தேடி ஒருநாள் அலுத்துப்போவான். இப்படியும் நினைத்தாள். ஆனால் அவள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. தாயில்லாக் கன்று கத்துகிற சத்தம் அவள் காதால் கேட்காமலே காதில் விழுந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை போனாள். குவியலை முதலில் அப்புறப்படுத்தலாம் என்றுதான் நினைப்பு. போய் வண்டியை நிறுத்தியபோது, செவலையின் கன்று அரளிச் செடியின் அடியில் நின்றது. வறட்சியில் தானாகவே பழுத்து உதிர்ந்த இலைகள் செடியைச் சுற்றிப் பாய் விரித்ததுபோல் கிடந்தன. கன்று ஒரு சருகை நக்கிப் பார்த்தது. சந்திரிகா கையில் இருந்த கேனை அப்படியே போட்டுவிட்டு, "ஏய், சூ, போ போ" என்று கத்திக்கொண்டே ஓடினாள். முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை. கன்று மிரண்டு தள்ளிப் போய் நின்று அவளையே பார்த்தது. அதற்கு ஆறேழு மாதம் இருக்கும். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருந்தது.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. வெட்டிப் போடாவிட்டாலும் இலை உதிரும். உதிர்ந்ததைப் பொறுக்க வாரம் ஒருநாள் போதாது. வண்டியிலிருந்த சின்ன மண்வெட்டியை எடுத்து வந்து செடியின் அடியில் ஒரு கொத்துக் கொத்தினாள். மண் இறுகிக் கிடந்தது. இன்னொரு கொத்து. அப்போதுதான் தான் எங்கே வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. மண்வெட்டியைத் தூர எறிந்தாள். முட்டிபோட்டு உட்கார்ந்து கையால் தோண்டினாள். அரளி வேர் லேசுப்பட்டதா? உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் கையை விடலாம் என்று தெரியாமல் அவள் தோண்டுவதும் நிறுத்துவதுமாக அழுதுகொண்டிருந்தாள்.

கன்றைத் தேடிக்கொண்டு அழகேசன் வந்தான். "அக்கா! என்ன பண்றீங்க? நல்லாதானே இருக்கு செடி?"

சந்திரிகா எழுந்திருக்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பாம்பு இல்ல தம்பி. நான்தான். திதிக்கு அரளியக் கழிச்சுக் கரையில போட்டுட்டுப் போனேன். காஞ்ச இலையத்தான் செவலை தின்னுருக்கு. போன வாரமே எனக்குத் தெரியும். உன்னப் பாத்தும் வாயத் தொறக்கல."

அவன் கையிலிருந்த கழியைத் தரையில் ஊன்றி, பிறகு அதைப் பார்த்தான்.

"தெனம் வந்து தேடினேன் கா" என்றான். கோபம்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் வாய்க்கால் கரை வரைக்கும் போனான், அங்கே கிடந்த காய்ந்த கிளைகளைக் காலால் புரட்டினான், முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நின்றான். திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் அவளும் இருந்தாள்.

திரும்பி வந்தபோது கழியைப் போட்டுவிட்டு வந்தான். அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"நகருங்க கா. நான் எடுக்கிறேன்."

"வேணாம்பா. எவ்வளவு ஆழம்னு தெரியாம..."

"எனக்குத் தெரியும். குழி வெட்டினது நான்தானே."

சந்திரிகா அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருசத்தில் அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சேதுவும் சொன்னதில்லை.

அழகேசன் வேரைச் சுற்றி விரலைவிட்டு மண்ணைத் தளர்த்தினான். நோகிற தோளைச் சாய்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் வேலை செய்தான். "அப்ப எனக்குக் கல்யாணம்கூட ஆகல. ஆம்பளைங்க நாங்க நாலஞ்சு பேரு. மண்ணு தள்ற நேரத்துல சேது அண்ணன் குழிக்குள்ள எறங்கிட்டாரு. ஏறமாட்டேங்குறாரு. மண்வெட்டியால தள்ளாதீங்கடா, கல்லு விழுந்தா பையனுக்கு வலிக்கும்னு அழுவுறாரு. அப்புறம் என்ன பண்றது? எல்லாரும் மண்வெட்டியக் கீழ போட்டுட்டோம். உக்காந்து மண்ண அள்ளி, கல்லெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டு, கையாலதான் போட்டோம். இருட்டிப்போச்சு, முடிக்கும்போது."

பேசிக்கொண்டே செடியை அசைத்து, வேரோடு தூக்கிக் கன்றுக்கு எட்டாத தூரத்தில் வைத்தான். பிறகு பள்ளத்தை மூட மண்ணை அள்ளினான். அள்ளிய மண்ணில் சுண்டைக்காய் அளவில் ஒரு கல் இருந்தது. யோசிக்காமல் அதை எடுத்து எறிந்துவிட்டு மண்ணைப் போட்டான். அடுத்த கைப்பிடியிலும் விரல்கள் தானாகத் துழாவின.

சந்திரிகா வாய்விட்டு அழுதாள். அன்றைக்கு லயத்து வாசலில் பிடித்து நிறுத்தியபோது அழுத அழுகையின் மிச்சம் அது. அழுதபடியே அவளும் மண்ணை அள்ளினாள். இருவருமாகக் கல் பொறுக்கினார்கள்.

முடிந்த பிறகு அவள் மாட்டுக்கு ஈடு கொடுக்கிற பேச்சை எடுத்தாள். "அத அப்புறம் பேசலாம் கா" என்றான் அழகேசன். அவன் மனசு முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆறுகிற காரியமா அது? அரளியையும் காய்ந்த கிளைகளையும் சாக்கில் கட்டிக்கொண்டு, வெறும் மண்ணாக நின்ற இடத்தைப் பார்த்தான். "கன்ன நான் தெனம் எங்கயாச்சும் கட்டித்தான் ஆவணும். தனியா விட்டா சரிப்படாது. இங்க கட்டட்டுமா? உங்களுக்குச் சம்மதம்னா."

அவள் தலையை ஆட்டினாள்.

மழை வந்து புல் முளைத்தது. லோகேஸ்வரி ரவாங்கிலிருந்து காரில் வந்தாள். அம்மா முன்னால் நடக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. சுற்றிலும் லாலாங் இடுப்பளவு நிற்க, ஓர் இடத்தில் மட்டும் கன்று ஒட்ட மேய்ந்த புல் பச்சைப் பசேலென்று தெரிந்தது. அவள் நேராக அங்கே போனாள். தைல்ஸ் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். கன்று மேய்ச்சலை நிறுத்திவிட்டு அவள் கையை மோந்து பார்த்தது.